என் உபவாசமும் கமலாவின் ஒரு வரி ஜெபமும்

என் அம்மா மார்த்தாளுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்தோம். வேப்பங்கொழுந்து அரைத்துத் தடவினோம். ஆறவில்லை. 1979-ஆம் வருஷம் சம்பா நடவு முடிந்த கையோடு காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். திரும்பி வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உத்திரமேரூர் வரும்வரை அழுதேன்.

எனக்கு எஸ்தர் என்று பெயர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். நானும் தம்பி யோசேப்பும்தான் பிள்ளைகள். அம்மா ஊரார் நிலத்தில் நடவு நட்டு, களை எடுத்து எங்களை வளர்த்தாள். குனிந்து நடும்போது இடுப்பு வலி தெரியாமல் இருக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வாள். அது இப்படித் திரும்பும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? என்னைப் புள்ளலூரில் கட்டிக்கொடுத்தார்கள். தம்பி திருமுக்கூடலில் இருந்து கமலாவைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் இந்து வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தாள். ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தபோது, கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். நான் துணிப்பையோடு தயாராக நின்றேன். பெற்ற மகள் இருக்கும்போது வேறு யார் இருப்பார்கள்? அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கமலாவைப் பார்த்தாள்.

"கமலா இருக்கட்டும். நீ வூட்டுக்குப் போ" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குப் பற்றிய நெருப்பு சீக்கிரத்தில் அணையவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அம்மாவுக்கு வந்த நோயைவிட அந்த ஒரு வார்த்தைதான் அன்று இரவு முழுக்க என்னை அரித்தது.

தினமும் கரண்டு வைப்பார்கள்; கதிர்வீச்சு வைத்தியத்தை ஊரில் அப்படித்தான் சொல்வோம். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். போகப் போக அம்மாவின் வாய் வெந்து பேச்சு நின்றுவிட்டது. நான் அம்மா வீட்டிலேயே தங்கி, வாரத்துக்கு இரண்டு முறை தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். அம்மா என் கஞ்சியில் ஒரு கரண்டி வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கமலா ஆற்றிக் கொடுத்தால் அதே கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். இதை எங்கே போய்ச் சொல்வது?

அதைவிடக் கொடுமை, அவர்கள் இரண்டு பேரும் கைஜாடையில் பேசிக்கொள்வது. அம்மா விரலை மடக்குவாள், கமலா தண்ணீர் கொடுப்பாள். அம்மா போர்வையைத் தட்டுவாள், கமலா சிரிப்பாள். எனக்கு ஒன்றும் விளங்காது. பத்து மாதம் சுமந்து பெற்ற மகளுக்கு அம்மாவின் பேச்சை மருமகள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னா சொல்து?" என்று கேட்பேன்.

"நீ துண்ணுட்டு வந்தியான்னு கேக்குது அண்ணி" என்பாள்.

நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். உபவாசம். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, சாயங்காலம் எங்கள் சபைக் கோயிலில் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபிப்பேன். வாராவாரம் ஆராதனை நடத்தும் உபதேசியார் எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்வார். கமலாவோ ஆஸ்பத்திரி வாசலில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு வருவாள். "நானும் பட்னி கெடந்தா அத்தைய யாரு தூக்கறது?" என்பாள். அவள் ஜெபிப்பதையும் ஒரு நாள் கேட்டேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, கண்ணைக்கூட மூடாமல் சொன்னாள்: "ஏசப்பா, அத்தை சோறு துண்ணணும்." அவ்வளவுதான். கடைக்காரரிடம் உப்பு கேட்பதுபோல ஒரு ஜெபமா என்று நினைத்தேன்.

என் ஜெபம் எப்படி இருந்தது தெரியுமா? "ஆண்டவரே, அம்மா பிழைக்க வேண்டும். என் ஜெபத்தால்தான் பிழைத்தாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்." இந்த இரண்டாவது பகுதியைச் சத்தமாகச் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்ட நாளும் இல்லை.

ஒரு முறை, ஊரில் தம்பியிடம் விட்டிருந்த கமலாவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் ஊருக்குப் போனாள். நான் அம்மாவோடு தங்கினேன். காத்திருந்த வாய்ப்பு அல்லவா? மகள் கவனிப்பு என்றால் என்னவென்று வார்டு முழுக்கப் பார்க்கட்டும் என்று, வெந்நீர் வாங்கிவந்து, துணியில் சோப்புப் போட்டு, அம்மாவின் முகத்தையும் கழுத்தையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன். அம்மா கையை ஆட்டினாள். சுகமாக இருக்கிறது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நன்றாகத் தேய்த்தேன். கோடு முழுவதும் போய்விட்டது.

கரண்டு வைக்கும் அறையில் இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா வந்து மறுபடியும் அளந்து கோடு போட வேண்டும், அதுவரை கரண்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மாவை நானே கொன்றுவிட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கமலா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டாள்.

"அயுவாத அண்ணி. மொதோ வாரம் நானும் கோட்ட அயிச்சிட்டேன். மறுபடி போட்டாங்க" என்றாள்.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் அழித்ததைப் பற்றி அம்மா மூச்சுக்கூட விடவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மருமகள் உடைத்தது மண்குடமாகி, மகள் உடைத்தது பொன்குடமாகிவிட்டது. ஆறுதல் சொன்னவள்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் முடிந்தது. கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். "ஆனா சாப்பாடு உள்ள போகணும். இப்படியே போனா உடம்பு தாங்காது" என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு விழுங்குவதென்றாலே பயம் பிடித்துவிட்டது. குழைந்த சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். இப்போது கமலா கொடுத்தாலும் வாங்கவில்லை. கஞ்சித் தெளிவு மட்டும் கொஞ்சம் இறங்கும், பாதி வழியும். வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. ஊரில் பெண்கள் வந்து பார்த்துவிட்டு வெளியே போய் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் ஊருக்கு மாதம் ஒரு முறைதான் போதகர் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா ஜாடை காட்டினாள். வண்டி கட்டிக்கொண்டு போனோம். திருவிருந்துக்கு அழைத்தபோது அம்மாவைத் தாங்கிக்கொண்டு நான் பீடத்துக்குப் போனேன். கமலா பின்னால் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் எடுக்காதவள் அங்கே வர முடியாது. சொன்னால் வெட்கம், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம். இந்த இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் மட்டும்தான்.

போதகர் அம்மாவின் நிலைமை தெரிந்து, அப்பத்தில் துளியூண்டு பிட்டு ரசத்தில் நனைத்துக் கொடுத்தார். அம்மா வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை நகம் பதியும்படி பிடித்தாள். கழுத்தில் நரம்பு புடைத்தது. இருமல் வரப்போகிறது, எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நான் முந்தானையை விரித்துப் பிடித்தேன். வரவில்லை. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

அம்மா கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். எத்தனையோ நாளாகப் பேசாத வாயால், கரகரத்த குரலில் கூப்பிட்டாள்.

"கமலா... எறங்கிச்சிடி."

கமலா பாயிலிருந்து துள்ளி எழுந்து, கோயில் என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்திலும் அழுகை, பொறாமையிலும் அழுகை. எது எவ்வளவு என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் அம்மா பால்சோறு சாப்பிட்டாள். நாலு வாய்தான். பிறகு நாளுக்கு நாள் கூடியது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புண் ஆறிவிட்டது, பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

தை அறுவடை முடிந்து கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அம்மாவுக்கு அதிகம் பேச முடியாததால், கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொல்ல என்னை எழுப்பினார்கள். "சகோதரி எஸ்தரின் உபவாசத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார்" என்று உபதேசியார் முன்னுரையே சொல்லிவிட்டார். எத்தனை வெள்ளிக்கிழமை இந்த வார்த்தைக்காக ஏங்கினேன்! பேசாமல் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் அம்மா விழுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"நான் கேட்டது வேற" என்றேன். "நம்ம கமலா, அத்தை சோறு துண்ணணும்னு கேட்டா. அவ கேட்டதுதான் கெடச்சிது."

உபவாசத்தைவிட அந்த மூன்று வாக்கியம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கமலா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வருஷம் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள்.

பொறாமை அன்றோடு போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த வருஷங்களிலும் கமலாவைத்தான் முதலில் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் கூப்பிட அம்மா இருந்தாளே! அந்தக் குரல் வீட்டில் கேட்டதே! சுருக்கென்ற உடனே ஸ்தோத்திரம் சொல்லப் பழகிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். மனசு சுத்தமாகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடேயே கேளுங்கள். உங்கள் ஜெபத்துக்குப் பதில் வராமல் பக்கத்தில் இருப்பவரின் ஜெபத்துக்கு வந்தாலும், பிழைத்தது உங்கள் ஆள்தான்.

அன்று அறுப்பின் பண்டிகையில் நான் உட்கார்ந்ததும், அம்மா என் பக்கம் நகர்ந்து வந்து, என் மடியில் கையை வைத்தாள். போதகர் ஆசீர்வாதம் கூறி, எல்லோரும் எழுந்து போன பிறகும் எடுக்கவில்லை.