இன் ஸ்பைட் ஆஃப் பழகிய கோடை

“மழை பெய்தபோதிலும் அவன் பள்ளிக்கூடம் போனான்.” ஸ்போக்கன் இங்கிலீஷ் கைடில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதற்கு இதுதான் உதாரணம். இதை எழுதிய மனிதரை ஒரு மே மாதத்து மத்தியானம் விருதுநகருக்குக் கூட்டி வந்து, மிளகாய் வத்தல் காய்கிற களத்தில் நிறுத்தவேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் ஊரில் மழை பெய்தால் யாரும் வீட்டுக்குள் முடங்கமாட்டார்கள். தெருவுக்கு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். எங்களைத் தடுக்கிறது மழையா?

என்னைத் தடுத்தது எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ முடித்திருந்தேன். உள்ளூர்ப் பெண்கள் காலேஜில் பி.காம். சீட் கிடைத்திருந்தது. காலேஜ் திறப்பதற்குள் எனக்கு நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று அத்தாவின், அதாவது என் அப்பாவின் அண்ணன், என் பெரியத்தா, ஒற்றைக்காலில் நின்றார். நிச்சயம் ஆகிவிட்டால் எங்கள் தெருவில் பெண்பிள்ளை வாசல்படி தாண்டக்கூடாது. அப்புறம் காலேஜாவது, சீட்டாவது! அண்ணனும் தம்பியும் சேர்ந்து வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார்கள். கடையில் எப்படியோ அப்படித்தான் வீட்டிலும். பெரியத்தா சொல்வார், அத்தா தலையாட்டுவார்.

அப்படிப்பட்ட வீட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டால், அதுதான் கூத்து. இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களிடம் துபாய் மாப்பிள்ளைக்குத்தான் மவுசு. நிறம், நகை, சமையல் எல்லாம் கேட்டுவிட்டு, “பொண்ணுக்கு இங்கிலீஷ் பேச வருமா?” என்றும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். படிப்பு வேண்டாம், இங்கிலீஷ் மட்டும் வேண்டும்.

“கோடை லீவுல போகட்டும்லே. லிஃப்ட்டுல, கடை கண்ணியில நாலு வார்த்தை பேசுனாப் போதும்,” என்றார் பெரியத்தா. அத்தா தலையாட்டினார். கழுத்துக்கு ஒரு நெக்லஸ் வாங்குவது மாதிரி என் வாய்க்கு இங்கிலீஷ் வாங்கிக் கொடுத்தார்கள்.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. மத்தியான பேட்ச் பெண்களுக்கு மட்டும். டீச்சரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கைடில் இருக்கிற வாக்கியத்தைச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார். அவரவர் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லவேண்டும். அன்றைக்குப் போர்டில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

“ஒண்ணு தடுக்குது. அதையும் மீறி இன்னொண்ணு நடக்குது. அம்புட்டுதான். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

மீறி! எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கெட்ட வார்த்தைக்கு அடுத்தது. பெரியவர்கள் பேச்சை மீறினாள் என்று யாரையாவது திட்டத்தான் அதை எடுப்பார்கள். அதை ஒரு பொம்பளை போர்டில் எழுதிப் பாடமாக நடத்துகிறார் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

ஒருத்தி, கரண்ட் போனாலும் தன் மாமியார் சீரியலை விடமாட்டார் என்றாள். எப்படி என்று கேட்டோம். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதாம். இன்னொருத்தி, சர்க்கரை வியாதி இருந்தும் தன் வீட்டுக்காரர் கருப்பட்டி மிட்டாயை ஒளித்து வைத்துத் தின்பதைச் சொன்னாள். மாடி அதிரச் சிரித்தோம்.

அச்சங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சிவகாசியில் ஏதாவது பிரஸ் ஆபீசில் போன் எடுத்துப் பேசுகிற வேலைக்குப் போகவேண்டும் என்று இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது.

“இன் ஸ்பைட் ஆஃப் தி ஆக்சிடென்ட், வீ வென்ட் டு வொர்க்.”

பக்கத்துக் கம்பெனியில் வெடித்து ஆட்கள் போய்ச் சேர்ந்த பிறகும், அடுத்த வாரமே இவர்கள் வேனில் ஏறியிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பழக்கதோஷத்தில் “வெரி குட்” என்றுவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, எழுந்துவிட்டேன்.

“இதுல என்ன டீச்சர் குட்?”

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “நான் ஒண்ணும் பெருமைக்குச் சொல்லல தாயி. சீசன் ஆர்டர். நாம போகலைன்னா வேற ஆளை ஏத்திக்கிருவாக. வயிறு தள்ளுச்சு, போனோம்.” அப்புறம் டீச்சரைப் பார்த்தார். “ஆனா இந்த வருசம் வேலையை விட்டுட்டேன். எங்க வீட்டுல வைதாக, ஊரே சிரிச்சுச்சு. அதையும் மீறி விட்டேன். அதை எப்படிச் சொல்லணும்? அதைச் சொல்லிக்குடுங்க.”

டீச்சர் போர்டில் ‘இன் ஸ்பைட் ஆஃப் எவ்ரிபடி, ஐ லெஃப்ட் தி ஜாப்’ என்று எழுதினார். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதற்கும் இதே வார்த்தைகள்தான், உதறிவிட்டு வருவதற்கும் இதே வார்த்தைகள்தான். பொறுத்துக்கொள்வதற்கு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. எனக்கு வேண்டியது இரண்டாவது.

வீட்டில் அம்மா அம்மியில் அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. “மெதுவாச் சொல்லு, பெரியத்தா வீட்டுக்குக் கேக்கப்போவுது,” என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

காலேஜ் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண் பிடித்துப்போனால் ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் என்று பேச்சு. ஆண்கள் முன்கூடத்தில். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு. மாப்பிள்ளையின் அம்மா என் முகவாயைத் திருப்பிப் பார்த்தார், கூந்தலைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தேன். கடைசியில் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இங்கிலீஷ் நல்லாப் பேசுவன்னு சொன்னாக. எங்க, ஏதாச்சும் பேசு பாப்போம்.”

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பெரியத்தா பெருமையாகக் கனைத்துக்கொண்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வாயைத் திறந்தேன்.

“இன் ஸ்பைட் ஆஃப் திஸ் மேரேஜ் டாக், ஐ வில் கோ டு காலேஜ் ஆன் மண்டே.”

“மாஷா அல்லா! டிவியில பேசுற மாதிரியில்ல இருக்கு!” என்றார் அந்த அம்மா. முன்கூடத்தில் யாரோ “பேஷ்” என்றார்கள். பெரியத்தா, “நாங்க எதுலயும் கொறை வைக்கலைங்க,” என்றார். அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்குத் தலை குனிந்திருக்கலாம். புரியாத பாஷையில் மீறுவது என்ன மீறல்? எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

“என்ன சொன்னேன்னு தமிழ்லயும் சொல்லிர்றேன்,” என்றேன். குரல் திரையைத் தாண்டவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். “நீங்க பொண்ணு கேட்டு வந்திருக்கீக. அதையும் மீறி நான் திங்கக்கிழமை காலேஜுக்குப் போகப்போறேன். மூணு வருசம் படிக்கணும். அது வரைக்கும் எனக்குக் கல்யாணம் வேண்டாம்.”

அந்த அம்மா கோபப்படவில்லை. “மகனுக்கு அவசரம்த்தா, நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்,” என்று எழுந்துகொண்டார். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்ததும் பெரியத்தா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“சபையில மானத்தை வாங்கிட்டியே! எங்க பேச்சை மீறி நீ போயிருவியா?”

“போவேன் பெரியத்தா.”

அவர் கையை ஓங்கினார். அத்தா அந்தக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அது எனக்கு ஆதரவா, அவமானமா என்று தெரியவில்லை. இரண்டு நாளும் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அம்மாகூட.

திங்கட்கிழமை நானே எழுந்து, நானே புறப்பட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பெரியத்தா தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைக் குனியாமல் தாண்டினேன். பின்னால் எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. இத்தனை வருஷத்தில் தெருவில் குரல் உயர்த்தியே அறியாத அம்மா, பெரியத்தா உட்கார்ந்திருக்கும்போதே வாசலுக்கு வந்து நின்று கத்தினார்.

“ஏ புள்ள, வெரசாப் போ! மொத நாளே பஸ்ஸை விட்றாத!”