அழாத பிள்ளைகளைத் தேடிப் போன வருடங்கள்

பிள்ளையோடு பேசுங்கள் என்று பெற்றவர்களிடம் போய்ச் சொல்வதுதான் எங்கள் உத்தியோகம்; அட்டைக்கடியும் நாய்க்கடியும் அதோடு சேர்த்துக் கிடைப்பவை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு வாரம் ஒரு முறை நடந்து போவேன். ஒரு சிறிய தொண்டு நிறுவனம் அனுப்பியது. தாயோ தகப்பனோ ஊரில் இல்லாமல், இருந்தாலும் நேரமில்லாமல், தானாக வளர்கிற பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. தோளில் ஒரு பை. அதற்குள் மூடி போட்ட டப்பாக்கள், ஒரு துணிப்பந்து, ஒரு படப்புத்தகம், அட்டை ஏறாமல் காலில் தேய்த்துக்கொள்ள ஒரு சவர்க்காரத் துண்டு.

மருந்து கொண்டுவருகிறவர்களுக்கு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் நாற்காலி போடுவார்கள். நிவாரணம் கொண்டுவந்தால் தேத்தண்ணியும் கிடைக்கும். துணிப்பந்து கொண்டுவருகிறவளை என்ன செய்வது என்று, பாவம், யாருக்கும் தெரியாது. இதே மாதிரி வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

நல்ல பிள்ளை

ரமேஷின் வீடு மேட்டு லயத்தில் கடைசிக் காம்பரா. தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிடுகிற வேலை அவனுக்கு. மனைவி சசிகலா கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். மகள் தனுஷிகாவுக்கு ஏழு மாதம் இருக்கும்போது போனவள். நான் முதல் தடவை போனபோது பிள்ளைக்கு ஒன்றேகால் வயது.

சிமெந்துத் தரையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு கிரீச்சிட்டது, வாசலில் நாய் குரைத்தது, நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று டப்பாவைத் தட்டினேன். தோள் மட்டும் லேசாக அசைந்தது. கேட்கிறது. திரும்பிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அந்த வயதிலேயே விட்டுவிட்டாள் போல.

பகல் முழுக்கப் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடப்பாள். தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. மாலையில் தூக்கிவந்து, கையில் போனைக் கொடுத்துவிட்டு, ரமேஷ் அடுப்பு மூட்டுவான். கெட்ட மனிதன் இல்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையின் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவன். மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நம்பியிருந்தான். பெருமையோடு என்னிடம் சொன்னான்: "ரொம்ப நல்ல புள்ளைங்க டீச்சர். அழவே அழாது."

என்ன பேசுவது

பிள்ளையோடு தினமும் பேச வேண்டும் என்றேன். ரமேஷ் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாங்க பேசுறது? அவதான் திருப்பிப் பேச மாட்டேங்கிறாளே" என்றான். நியாயமான கேள்வி. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பதில் நான்கு பக்கம் இருக்கும். அதில் ஒன்றும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "இன்னைக்கு மலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. விருந்தாளி வந்திருக்கிறார் போல என்று வெளியிலேயே நின்றேன். "அஞ்சாம் நம்பர் மலை பாப்பா. ஒரே வழுக்கல். கங்காணி என்னா சொல்றாரு தெரியுமா, வெட்டு ஒழுங்கா இல்லையாம். கத்தி மொட்டையா இருந்தா நான் என்னா செய்யிறது, நீயே சொல்லு." எட்டிப் பார்த்தேன். பிள்ளையை மடியில் தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டு, முகம் சிவக்க நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். தனு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அடுத்த காம்பரா தெய்வானை அக்கா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொஞ்சாதி இல்லாம இவனுக்குக் கொழம்பிப் போச்சு டீச்சர். கங்காணியப் பத்திக் கைப்புள்ளைகிட்ட கோள் சொல்லிக்கிட்டு இருக்கான்."

கெட்டுப்போன பிள்ளை

நான்கைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பிள்ளைக்காம்பராவைத் தாண்டிப் போகும்போது, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு அழுகை. எந்தப் பிள்ளை என்று பார்க்க உள்ளே போனேன். தனு. ரமேஷ் விட்டுவிட்டுப் போகும்போது அவன் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவன் போன பிறகு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் போன பாதையைப் பார்த்து அழுகிறாள். மூக்கெல்லாம் ஒழுகுகிறது.

போகிறவர் தனக்கு வேண்டியவர் என்று தெரிந்தால்தான் பிள்ளை அழும். அழுதால் அவர் திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த இரண்டும் அவளுக்கு வந்துவிட்டன. எனக்கு அன்றைக்கு அது திருவிழா மேளம் மாதிரிக் கேட்டது. சிரித்துக்கொண்டு நின்றேன். பத்துப் பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிற ஆயா அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தனுவைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வந்துதான் இந்தப் புள்ளையக் கெடுத்துட்டீங்க டீச்சர். இப்ப நீங்களே வச்சுக்கங்க!"

முதல் பேச்சு

தீபாவளிக்குச் சசிகலா வந்தாள். பெரிய பொம்மை, ரோஜா நிறத்தில் கவுன், சிமெந்துத் தரையில் வைக்கவே மனம் வராதபடி மின்னுகிற சப்பாத்து. தனுவுக்கு அப்போது இரண்டு வயது நெருங்கியது. "அப்பா", "தண்ணி", "வா", "போ" எல்லாம் வந்துவிட்டது. தாயைப் பார்த்ததும் ரமேஷின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். சசிகலா கையை நீட்டினாள். பிள்ளை அந்தக் கையைப் பார்த்து, "போ" என்றாள். நல்ல தெளிவான உச்சரிப்பு. அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கியவள் நான். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சசிகலா தனியாக நிற்பதைப் பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நாலு நாள் பக்கத்தில் இருந்தால் சேர்ந்துகொள்வாள், பொம்மை வேண்டாம், சும்மா பேசிக்கொண்டே இரு என்றேன். பிள்ளையோடு பேசவெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். கொழும்பு வீட்டிலும் ஒரு கைப்பிள்ளை. காலையில் குளிக்க வைப்பதிலிருந்து தூங்க வைப்பது வரை இவள்தான். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைத் துடைக்காமலே சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு மொதப் பேச்சு நான்தான் டீச்சர் சொல்லிக் குடுத்தேன். அது என்னையத்தான் அம்மான்னு கூப்பிடுது."

கையைப் பிடித்தவள்

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சில மாதங்கள் என்னை அனுப்பினார்கள். அங்கே சுபா என்று நாலு வயதுப் பிள்ளை, எங்கள் வயதுக் கணக்கைத் தாண்டினவள்தான். தாய் இறந்துவிட்டாள், தகப்பன் எங்கேயோ கடையில் வேலை என்று போனவன் தகவல் இல்லை. மூன்று வீடு மாறி, சித்தி வீட்டில் இருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பழகின பிள்ளை மாதிரி தோளில் சாய்ந்தாள். எனக்குக் கைராசி என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டேன். சற்று நேரத்தில் கடிதம் கொடுக்கிறவர் வந்தார். அவர் கையையும் அப்படியே போய்ப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. யார் தன்னுடைய ஆள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது; அதனால் வருகிற எல்லாரையும் பிடித்துப் பார்க்கிறாள்.

நான் கிளம்பும்போது, ஒரு பொலித்தீன் பையில் தன் உடுப்பு இரண்டை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். "நான் சோறு கொஞ்சந்தான் திம்பேன்" என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது.

சித்திக்குச் சொந்தமாக நாலு பிள்ளைகள். குற்றம் சொல்ல முடியாது. சித்தியோடும் சுபாவோடும் எட்டு மாதம் பாடுபட்டேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதற்குள் சித்தியின் குடும்பமும் வேறிடம் போக வேண்டி வந்தது; சுபாவைப் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இரட்டைப் பின்னல், சுத்தமான சட்டை, எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். அப்படியும் என்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது. இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா நான் கேட்காமலே சொன்னார்: "வகுப்புல முதலாவதா வருவா மிஸ். ஆனா கேட்ல யாரு மணி அடிச்சாலும், மொதல்ல ஓடுறது இவதான்."

எங்கள் வீட்டில்

இத்தனை வீட்டுக்கும் போய்வந்தேனே, என் மகள் கீர்த்தனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது எட்டு வயது. கொட்டகலையில் பாடசாலை விட்டு வந்து, நான் வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். நான் சேறும் ஈரமுமாக வந்து, அடுப்படிக்கும் அறிக்கைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு "சாப்பிட்டியா", ஒரு "ஹோம்வேர்க் செஞ்சியா". மற்றப் பிள்ளைகளிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை, நான் வாரத்துக்கான அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன். திங்கள் மேட்டு லயம், செவ்வாய் பள்ளத்து லயம் என்று வரிசையாக. கீர்த்தனா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்தாள். கோபமாகக் கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டுக்கு விசிட் எந்த நாளு?"

திட்டம் முடிந்தது

மூன்றாவது வருடக் கடைசியில், திட்டம் முடிவடைந்தது என்று கடிதம் வந்தது. விளையாட்டுப் பைகளையெல்லாம் வீடுகளிலிருந்து திரும்ப வாங்கி ஒப்படைக்க வேண்டுமாம். ரமேஷ் வீட்டிலும் போய்க் கேட்டேன். தனு பையை இழுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு டப்பாவுக்கும் மூடியைத் தேடிப் போட்டு, சரியாக மூடித் தந்தாள். துணிப்பந்தை மட்டும் நான் எண்ண மறந்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். இன்னும் ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்களே சேர் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "புள்ளைகள் வளர்ந்து முடியலதான் மிஸ். ஆனா திட்டம் முடிஞ்சிட்டுதே."

பஸ் தரிப்பிடத்தில்

இப்போது நான் கொட்டகலையில் ஒரு முன்பள்ளியில் இருக்கிறேன். போன மாதம் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் ஒரு பெண்பிள்ளையின் குரல். நிறுத்தாமல் பேசுகிறது. விஞ்ஞானப் பாட டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்கு எப்படி விரியும், யாருடைய பென்சில் பெட்டியில் தவளை இருந்தது, நாளைக்கு எதற்குக் கட்டாயம் பிரிஸ்டல் போட் அட்டை வாங்கியே ஆக வேண்டும். திரும்பினேன். ரமேஷ். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் தனுஷிகா. ஆறாம் வகுப்பாம். சசிகலா மகளுக்கு ஐந்து வயதாகும்போது கொழும்பு வேலையை விட்டு வந்துவிட்டாளாம். அம்மா என்று கூப்பிட இவளுக்கு ஒரு வருடம் பிடித்ததாம். இப்போதும் காய்ச்சல் வந்தால் அப்பாவைத்தான் தேடுவாளாம். அந்த நேரத்தில் சசிகலா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றுகொண்டிருப்பாளாம்.

"டீச்சரத் தெரியுதா பாப்பா?" என்று ரமேஷ் கேட்டான். தனு என்னை நன்றாகப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை மழையில் அந்த மேடு ஏறியிருக்கிறேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் முதல் அழுகையைக் கேட்டவள் நான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. புத்தகப் பையின் வாரைத்தான் சரிசெய்துவிட்டேன். அவள் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு கேட்டாள்: "தெரியலையே மிஸ். எங்க ஸ்கூல்ல படிச்சுக் குடுத்தீங்களா?"

வேலை சரியாக நடந்திருந்தால் பிள்ளைக்கு நம்மை ஞாபகமே இருக்காது என்கிற இந்த உத்தியோகத்தில், பிள்ளைகளை நாம் மறப்பதற்கு மட்டும் இதுவரை ஒருவரும் பயிற்சி வைத்ததில்லை.