கிறிஸ்டியக்காவின் காலி பென்டிரைவ்

அனுமந்தை கிறிஸ்டியக்காவுக்கு வலது கை பேருக்குத்தான் இருக்கிறது. ஆறாவது படிக்கும்போது லாரி உரசியதில் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. ஆனால் அவள் இடது கையால் டைப் அடிக்கும் வேகத்துக்கு நான் இரண்டு கையால் முறுக்குகூடத் தின்றதில்லை.

எல்லாம் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக அவள் போட்டிருக்கும் லினக்ஸ் உபயம். ஸ்பேஸ் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால், இடப்பக்கப் பட்டன்களிலேயே வலப்பக்க எழுத்துகள் வரும்படி அமைத்திருந்தாள். அந்த அமைப்பெல்லாம் சில கோப்புகளில் இருக்கிறது. அவற்றின் பெயர் புள்ளியில் தொடங்கும். அதனால் சாதாரணமாகத் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பென்டிரைவில் போட்டு, ஜெபமாலையோடு கழுத்தில் மாட்டியிருப்பாள்.

மரக்காணத்தில் உப்பு வியாபாரி ராஜாங்கம் பில் போட ஆள் தேடினார். அக்காவின் கையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிய கடைகள் ஏற்கெனவே உண்டு. இந்த வேலையாவது கிடைக்க வேண்டும். என் வண்டியில்தான் போனோம்.

"ஏம்மா, ஒத்தக் கையால பில்லு அடிச்சா லாரி நாளைக்குத்தான் கெளம்பும்."

"உங்க மெஷினும் லினக்ஸ்தானேங்க? என் செட்டிங்க ஏத்திக்கிறேன். அப்புறம் பாருங்க."

"இரு மாமா, வைரஸ் இருக்கும்" என்று அவருடைய அக்கா மகன் கௌதம் பென்டிரைவை வாங்கிச் செருகினான். "காலியா இருக்குது மாமா! சும்மா நகை மாதிரி மாட்டிக்கினு வந்துருக்குது."

"காலி இல்லீங்க, மறைஞ்சிருக்குது..."

அக்கா முடிப்பதற்குள், வைரஸ் ஒழிப்பதாகச் சொல்லி ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டான். எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா முறைத்தாள், விட்டேன்.

"நெட் இருக்குதுங்களா?" என்றாள், குரல் மாறாமல்.

இந்த உப்புக்காற்று அவளுடைய பழைய பென்டிரைவ்களைத் துருவாக்கித் தின்றிருக்கிறது. அதனால் கோப்பில் ஒரு வரி மாற்றினாலும் அன்றே இணையத்தில் கிட்ஹப் என்ற கோப்புக் கிடங்கிலும் ஏற்றிவிடுவாள்.

அமைப்பு இல்லாத கீபோர்டில் அவளுடைய இடது கை நண்டு மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. கௌதம் கொட்டாவி விட்டான். கோப்புகள் இறங்கின. அவளே எழுதிய சின்ன நிரல் ஒன்று அந்தக் கோப்புகளை அதனதன் இடத்தில் இணைத்தது. லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தாள்.

"இப்ப சொல்லுங்கய்யா."

ராஜாங்கம் லாரி நம்பர், மூட்டைக் கணக்கு, விழுப்புரம் விலாசம் என்று வேண்டுமென்றே மடமடவென்று கொட்டினார். மூச்சு வாங்க நிறுத்தினார்.

"அப்புறம்ங்க?" என்றாள் அக்கா. பிரிண்டரில் பில் வந்துகொண்டிருந்தது.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். "எப்பம்மா வர்றே?"

"நாளைக்கேங்க. ஆனா எனக்குத் தனி லாகின் வேணும். பாஸ்வேர்டு இவருக்குத் தெரியக் கூடாது."

"டேய் கௌதம், போயி டீ வாங்கினு வாடா!"

திரும்பும்போது அக்கா பின்னாலிருந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் இறங்க வேண்டிய அனுமந்தை வந்தது. நான் நிறுத்தாமல் அடுத்த ஊரான கூனிமேடு வரைக்கும் ஓட்டினேன். அவள் திட்டவில்லை.