ஃபெலிசியா தாண்டவிட்ட கோடு

பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலை. அதன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடி கொதிகலன்களை ஆட்டிப்படைப்பவர் ஃபெலிசியா. திரையில் பச்சைக் கோடு வெப்பம் நிற்க வேண்டிய அளவு; சிவப்புக் கோட்டை வெப்பம் தொட்டால் ஆலையே நின்றுவிடும். சிவப்பைத் தொடவிடாமல் காப்பதே அவர் பிழைப்பு.

சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. அதற்கு டிப்ளோமாவில் சேர்ந்தாவது இருக்க வேண்டும் என்றார்கள். டிப்ளோமாவில் சேரக் கணிதத் தேர்வில் தேற வேண்டும். ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. மறுபடி விட்டால் நாற்காலி நேற்று வேலைக்கு வந்த டாரிலுக்கு.

அவரைக் கவிழ்த்தது ஒரே வகைக் கேள்விதான். வளைகோடு நெருங்கிக்கொண்டே போகும் 'அசிம்டோட்' கோடுகளையும் அது அச்சை வெட்டும் இடங்களையும் கொடுத்து, வளைகோட்டின் சார்பை எழுதச் சொல்வார்கள். ஃபெலிசியா சரியாகவே எழுதுவார். சரிபார்க்கும்போது வளைகோடு படுக்கைக் கோட்டைத் தாண்டும். தாண்டினால் தப்பென்று உடனே விடையை அடித்துவிடுவார்.

"படுத்திருக்கிற அசிம்டோட்டைத் தாண்டலாம்க்கா," என்று வகுப்பில் ஷர்மினி டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். "நிக்கிறதைத்தான் தாண்டக் கூடாது."

ஃபெலிசியா தலையாட்டுவார். கைதான் கேட்காது.

தேர்வு நாள் வந்தது. நிற்கும் கோடு x = 2, அதன் இருபுறமும் வளைகோடு கீழே பாய்கிறது. படுத்த கோடு y = 3. x அச்சை வெட்டுவது 4, −4 இல். பின்னத்தின் மேலே x² − 16 போட்டார். இருபுறமும் ஒரே திசை என்பதால் கீழே (x − 2)². முன்னால் 3.

x-க்கு 5 வைத்தார்: சரியாக 3. 8 வைத்தார்: 4.

அலமாக், தாண்டிவிட்டது! பேனா அடிக்கப் போனது.

100 வைத்துப் பார்த்தார். 3.12. இறங்கி வருகிறதே! கொதிகலனை மூட்டும் ஒவ்வொரு முறையும் பார்ப்பதுதானே இது? வெப்பம் பச்சைக் கோட்டைத் தாண்டி ஏறும், பிறகு மெல்ல இறங்கி அதிலேயே அடங்கும். அதற்காக யார் ஆலையை நிறுத்தினார்கள்? இத்தனை நாளும் பச்சையைச் சிவப்பென்று நினைத்துப் பயந்திருக்கிறார்! தேர்வு அறை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். விடையை அடிக்கவில்லை.

தேறினார். டிப்ளோமாவில் இடமும் வந்தது, நாற்காலியும் வந்தது. அதில் உட்கார்ந்த முதல் நாள் கொதிகலனை மூட்டினார்கள்.

"பச்சையைத் தாண்டுதுக்கா," என்றான் டாரில்.

"தாண்டட்டும் லா," என்றார் சூப்பர்வைசர் ஃபெலிசியா. "இறங்கி வரும்."