அண்ணன் மிச்சம் வைத்த காப்பி

வடக்குப்பட்டில் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்த எங்கள் அண்ணன் அவர்கள், இந்த 1991-ஆம் ஆண்டில் எங்களை விட்டுப் பிரிந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலர் அண்ணனின் காப்பியைக் குடித்தவர்கள். சிலர் அவரிடம் காப்பி போடக் கற்றவர்கள். அவர் கற்றுத்தராத கூடப்பிறந்த தம்பி நான் இதை எழுதுகிறேன்.

அப்பா காலமான பின் கிணறும் வற்றிப்போனது. அண்ணன் தாம்பரத்தில் ஓர் ஓட்டலில் தட்டு கழுவி, அடுப்படிக்கு உயர்ந்து, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். கல்யாணத்துக்குப் பின் ஒரகடம் கூட்டு ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டுக் காப்பிக் கடை தொடங்கினார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் நேரே அங்கேதான் போவார்கள். எதிர்ச் சாரியில் நான் போட்ட கடையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வயிறு எரியும். இன்றும் எரிகிறது, அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

வாலாஜாபாத், மணிமங்கலம் என்று எங்கிருந்தோ கடை வைக்க ஆசைப்பட்டவர்கள் அண்ணனைத் தேடி வருவார்கள். அடுப்போரம் நிறுத்திச் சொல்லித்தருவார். அவர்களில் தாசன் என்பவர் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம். அண்ணன் அவரைத் திட்டுவது ரோட்டைத் தாண்டி என் காதில் விழும்.

"இன்னாடா இது, காப்பியா கழனித்தண்ணியா? பொடிய இம்மாம் அமுக்கினா டிகாஷன் எப்டிடா எறங்கும்? கல்லாவையே பாத்துக்கினு நிக்காத, குடிக்கிறவன் டம்ளரப் பாரு. மிச்சம் வெச்சிட்டுப் போனான்னா தப்பு நம்மளுது."

தாசன் பல்லைக் காட்டிக்கொண்டு, "சரிண்ணே" என்பார். என் அண்ணன் அவருக்கு எப்படி அண்ணன் ஆனார்?

சாயங்காலம் ஆனால் அண்ணன் ரோட்டைக் கடந்து என் கடைக்கு வருவார். காப்பி குடிப்பார்.

"எப்டி கீது அண்ணே?"

"நல்லாக் கீதுடா."

அவ்வளவுதான், போய்விடுவார். டம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருக்கும். தினமும் இருக்கும். ஊரார் பிள்ளைக்கெல்லாம் குறை சொல்லித் திருத்தியவர் எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? வாய்விட்டுக் கேட்க ரோஷம் இடம் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்த அன்று, அண்ணன் காப்பி கேட்டார். தாசனும் நானும் ஆளுக்கொரு பிளாஸ்க்குடன் நின்றோம். அண்ணன் என்னுடையதைக் காட்டினார். அண்ணி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் அண்ணன் முகம் சுளித்தார்.

"பாலு ரெண்டு தபா கொதிச்சிகீது. டிகாஷன் காலைல எறக்குனது. இத்த வித்தா எவன்டா வருவான் உன் கடைக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி பதறிப்போய், "நீ கடை தொறந்த அன்னிக்கு உங்கம்மா இவருகிட்ட கைல அடிச்சு சத்தியம் வாங்கினாங்க தம்பி. 'சின்னவன் ரோஷக்காரன், அவன் கடைல ஒரு கொறையும் சொல்லக் கூடாது'ன்னு" என்றார்.

"இப்ப மட்டும் ஏண்ணே சொன்ன?"

"நான்தான் போவப் போறேனே. இனிமே உனுக்கு யாருடா சொல்லுவா?"

சொல்லிவிட்டு, அந்தக் காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.

கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், சமையல் பொறுப்பை ஏற்ற வடக்குப்பட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாசனுக்கும் நன்றி. சுடுகாட்டில் என்னைவிடச் சத்தமாக அழுதார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் கையைத்தான் முதலில் பிடித்தார்கள். அண்ணன் கடையை இனி அவரே நடத்துவார் என்று அண்ணி சொல்லிவிட்டார். நடத்தட்டும். அவர் அண்ணனிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அண்ணன் கடைசியாகத் திட்டியது என்னைத்தான். அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.