வேல்ஸ் ஜெயித்ததை நான் மறைத்த கதை

எங்கள் குடும்பத்தில் ரக்பி விளையாடியவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மோதும் நாள் வந்துவிட்டால், செம்பவாங்கில் எங்கள் ஒன்பதாவது மாடி வீடு இரண்டுபடும். அப்பா வேல்ஸ் கட்சி. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஸ்காட்லாந்து கட்சி. இருவரின் தகப்பனாரும் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருவருக்கு வாய்த்த மேலதிகாரி வேல்ஸ்காரர், மற்றவருக்கு ஸ்காட்லாந்துக்காரர். துரைகள் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் விசுவாசம் மட்டும் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. கேமரன் மலையைவிடக் குளிரான இடத்தை இந்த இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை அப்பா தொலைக்காட்சிப் பெட்டியில் பதிவு செய்துவைப்பார். மறுநாள் மாமா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அதுவரை முடிவு யார் காதிலும் விழக்கூடாது. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை அம்மா விடிந்ததுமே உருவி ஒளித்துவிடுவார். தோற்றவர் வீட்டில் அடுத்த ஞாயிறு விருந்து, தோற்றவரே சமைக்கவேண்டும். இதில் ஒரு சட்டமும் உண்டு. செய்தித்தாளில் படித்த முடிவு செல்லாது, நம் வீட்டு ஆள் ஒருவராவது ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். ஒரு வருடம் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்துவிட, மாமா மட்டும் பார்த்துவிட்டுத் தான் தோற்றதாகச் சாட்சி சொல்லி விருந்து வைத்தார். சமைத்தது என்னவோ மாமாவின் மனைவி, என் அத்தைதான். மாமாவை அவர் அடுப்புப் பக்கமே விட்டதில்லை.

எனக்குப் பத்து வயதானபோது அத்தை இறந்துபோனார். ஐந்து மாதமாக மாமா வீட்டுக்கு நாங்கள் யாரும் போகவில்லை. அம்மா கிளம்பினாலும், "நீ ஏன்மா அலையுறே, நானே வர்றேன்" என்று தடுத்துவிடுவார். வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்கிற ஆள் அல்ல அவர்.

அந்த வருட ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா முடிவெட்டிக்கொள்ளக் கீழே போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பதிவை முடுக்கி ஆட்டத்தின் கடைசிக்கே ஓட்டினேன். சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வேல்ஸ், நீலம் மாமாவுடைய ஸ்காட்லாந்து. மாமா தோற்றுவிட்டார். இனி அத்தை இல்லாத அந்த வீட்டில், அத்தையின் அடுப்படியில் நின்று அவர் எங்களுக்குச் சமைத்துப் போடவேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் மாமா வந்தார், மெலிந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் வழக்கமான சண்டை தொடங்கியது, ஆனால் தலைகீழாக.

"மாப்பிள்ளை, இந்த வருஷம் உங்காளுங்கதான். எங்க பசங்க வேஸ்ட் லா. ஸ்க்ரம்ல ரெண்டு பக்கமும் முட்டித் தள்ளுறப்ப, உங்காளுங்க அப்படியே பின்னால தள்ளிட்டுப் போயிடுவானுங்க."

"என்னா மச்சான், போன வருஷம் வேல்ஸுக்குப் பந்தப் பிடிக்கவே தெரியலன்னீங்க?"

"அது போன வருஷம். இந்தத் தடவ நான் தோக்குறது கன்ஃபார்ம்."

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மச்சானைத் தேற்றுவதற்காக ஸ்காட்லாந்தைப் புகழ ஆரம்பித்தார். அவர் ஸ்காட்லாந்தைத் தூக்க, இவர் வேல்ஸைத் தூக்க, இரண்டு பரம்பரை விசுவாசிகளும் அவரவர் கட்சியைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாமா அம்மாவிடம், மீன் தலைக்கறிக்குப் புளி எவ்வளவு கரைக்கவேண்டும் என்று கேட்டார். ஹாலுக்குப் புதிதாகச் சாயம் அடித்திருப்பதாகவும் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், மாமா இப்போதே விருந்தை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் கை கழுவப் போன நேரத்தில் பெட்டியிலிருந்து ஆட்டத்தை அழித்துவிட்டேன். அழிக்கவா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

பதிவைக் காணவில்லை என்றதும் அப்பா வீட்டை ரெண்டாக்கிவிட்டார். முதல் பழி அதே பெட்டியில் பதிவாகும் அம்மாவின் சீரியல் மேல் விழுந்தது. தன் சீரியலுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்று அம்மா சண்டைக்கு நின்றார். மாமா மட்டும், "பேப்பர்ல பார்க்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினார். "சட்டம்னா சட்டம்தான் மச்சான். கண்ணால பாக்காதது செல்லாது. இந்த வருஷம் விருந்து கிடையாது, நீங்க நிம்மதியா இருங்க" என்று அப்பா முடித்துவிட்டார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். மாமா தலையை ஆட்டினார்.

அவரை வழியனுப்ப மின்தூக்கி வரை நான்தான் போனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, நான்தான் அழிச்சேன். வேல்ஸ் ஜெயிச்சிடுச்சு. நீங்க சமைக்க வேணாம்னுதான்."

மாமா என்னைக் குனிந்து பார்த்தார். "நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். கடைசியில சிவப்புச் சட்டதான் குதிச்சாங்க."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அப்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "எவன் கை வச்சான்னு தெரியட்டும், அந்தக் கைய உடைக்கிறேன்." மாமா நின்றுவிட்டார். மின்தூக்கி வந்து, திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. அவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

"இத யார்கிட்டயும் சொல்லாத கண்ணு, என்ன?" என்றார். என் தலையைத் தடவினார்.

மாமாவைப் பெரிய தொல்லையிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற குஷியில் நான் வீட்டுக்குள் ஓடினேன். தோற்கவேண்டும், நாங்கள் எல்லோரும் தன் வீட்டுக்கு வந்து சாப்பிடவேண்டும் என்ற ஆசையோடுதான் அவர் அன்று வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதற்கான சாட்சி கைக்குள் கிடைத்தும், எனக்கு அடி விழக்கூடாது என்று விட்டுவிட்டுப் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார்.