அந்தோனியார் கண்டுபிடித்துக் கொடுத்த இரண்டு எண்கள்

செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வரும் என் சகோதர சகோதரிகளே, இங்கே சாட்சி சொன்னவர்களுக்கெல்லாம் புற்றுநோய், விபத்து, பாம்புக்கடி என்று மதிப்பான கஷ்டங்கள் வந்திருந்தன. எனக்கு வந்தது எக்ஸ் ஸ்கொயர். சிரிக்காதீர்கள். நாற்பத்தெட்டு வயதில் என் சோற்றில் கைவைக்கப் பார்த்தது அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். ஒரு மனிதன் எவ்வளவு காலம் தற்காலிகமாக இருக்க முடியும் என்பதற்கு நானே ஆதாரம். அங்கிருக்கும் நாவல், வரலாறு, தத்துவம் எல்லாம் படித்து முடித்துவிட்டேன். கணித அலமாரியை மட்டும் தூசி தட்டியதோடு சரி. நம் பங்குக் கோயிலில் எல்லோரும் என்னை "சார்" என்பார்கள். கல்யாணப் பத்திரிகை, கல்லறை வாசகம், கலெக்டருக்கு மனு எல்லாம் நான்தான் எழுதித் தருவேன். நான் எம்.ஏ. என்று ஒரு பேச்சு இருந்தது. நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. உண்மையில் நான் பத்தாம் வகுப்பு ஃபெயில். கணக்கில் மட்டும்.

போன நவம்பரில் நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தது. ஜூன் மாதத்துக்குள் பத்தாம் வகுப்பு தேறிய சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் வேலையே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாமல் தனித்தேர்வராக விண்ணப்பித்தேன். கணக்குப் புத்தகத்துக்கு ஒரு தடி நாவலின் அட்டையைப் போட்டுப் படித்தேன். காரணிப்படுத்துதல் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. x² + 5x − 24. இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கினால் மைனஸ் இருபத்துநாலு, கூட்டினால் ஐந்து. நாலையும் ஆறையும் போட்டேன். பன்னிரண்டையும் இரண்டையும் போட்டேன். பெருக்கினால் வருகிறது, கூட்டினால் முறைக்கிறது. மூன்று வாரம் இப்படியே போயிற்று. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். இந்த வயதில் வேலை போனால் யார் வாசலில் போய் நிற்பேன்?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா அந்தோனியார்? மன்றாட்டுப் பெட்டிக்கு ஒரு சீட்டு எழுதினேன்: "பெயர் குறிப்பிட விரும்பாத அடியேனின் ஒரு முக்கியக் காரியம் கைகூட." இப்படி ஒன்றுமே சொல்லாமல் எழுதுவதில் எனக்கு நிகர் நான்தான். சட்டைப் பையில் அதோடு, பரீட்சைத் தாள் மாதிரியே என் பெயரெல்லாம் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்த காகிதமும் இருந்தது. எதை எழுதினாலும் உச்சியில் "சேசு மரி சூசை" என்று போடுவது நம் வழக்கம். நான் கணக்குக்கும் போடுவேன். இரண்டு காகிதத்துக்கும் தலை ஒன்றுதான். தலையை மட்டும் பார்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

நம் உபதேசியார் சவரிமுத்துவை உங்களுக்குத் தெரியும். மன்றாட்டுகளை எழுதியது எழுதியபடி, ஒரு புள்ளி விடாமல் படிப்பவர். மைக்கில் கேட்டது:

"பத்தாம் வகுப்பு கணக்கு, தனித்தேர்வர், ஆ. லூர்துசாமி. பெருக்கினா மைனஸ் இருபத்துநாலு, கூட்டினா அஞ்சு. நாலு ஆறு, தப்பு. பன்னெண்டு ரெண்டு, தப்பு. அந்தோனியாரே, அந்த ரெண்டு நம்பர் எங்கே? ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுக்க, பழக்கத்தில்.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தூண் மெலிது. நான் அப்படி இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "எட்டும் மூணும் சாமி! மூணுக்கு மைனஸ்!"

பங்குச்சாமி விரலை மடக்கிப் பார்த்தார். "சரியாத்தான் வருது. மன்றாட்டு கேட்கப்பட்டது. அடுத்ததைப் படிங்க" என்றார்.

குரலுக்குச் சொந்தக்காரர் பிலோமினா. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிறவர். பூசை முடிந்ததும் வழிமறித்தார்.

"இன்னா சார், எம்.ஏ.ன்னு சொல்லிக்கினு இருந்தாங்க?"

"நான் சொல்லலையேம்மா."

"இல்லன்னும் சொல்லலையே? சரி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்காதீங்க. நான் பிளஸ் டூல கணக்கு குரூப்பு. நாளைக்கு சாயங்காலம் வண்டிக்கு வாங்க. இதெல்லாம் ஒரு பேஜாரா? ஜல்தியா முடிச்சிடலாம்."

போனேன். இருபத்துநாலு மல்லாட்டையை எண்ணித் தட்டில் போட்டார். மீதி விழாமல் வரிசையாக அடுக்கச் சொன்னார். ஒரு வரிசை என்றால் இருபத்துநாலு. இரண்டு என்றால் பன்னிரண்டு. மூன்று என்றால் எட்டு. நாலு என்றால் ஆறு. வேறு அடுக்கே கிடையாது.

"கடைசி நம்பருக்கு மைனஸ் இருந்தா, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க சார். அஞ்சு எங்க கீது?"

மூன்றுக்கும் எட்டுக்கும்! நடுரோட்டில் கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷம் இருட்டாகக் கிடந்த ஒரு அறையில் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்தது. அன்று முதல் தினமும் ஒரு மணி நேரம். அடிக்கடி விடை தப்பியதற்கு நானே காரணம். "எண்ணினப்புறம் திங்காதீங்க சார்!" என்று எத்தனை முறை திட்டியிருப்பார்!

ஏப்ரலில் விழுப்புரத்தில் தேர்வு. நான் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து "குட் மார்னிங் சார்" என்றார்கள். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் நானும் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வினாத்தாளைத் திருப்பினேன். ஒரு செவ்வகப் பூங்கா. நீளம் அகலத்தைவிட ஐந்து மீட்டர் அதிகம். பரப்பு எண்பத்துநாலு. அகலம் என்ன? x² + 5x − 84 = 0. கண்ணை மூடி "அந்தோனியாரே" என்றேன். உள்ளே எண்பத்துநாலு மல்லாட்டை உருண்டு வந்து அடுக்கிக்கொண்டன. ஆறு வரிசை, பதினாலு. வித்தியாசம் எட்டு, ஆகாது. ஏழு வரிசை, பன்னிரண்டு. ஐந்து! (x + 12)(x − 7)! எந்தப் பூங்காவுக்கும் அகலம் மைனஸ் பன்னிரண்டு மீட்டர் இருக்காது. ஏழுதான்! அல்லேலூயா என்று கத்தியிருப்பேன், கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்றதால் எழுதி மட்டும் வைத்தேன். விடையைத்தான்.

மே மாதம் முடிவு வந்தது. நாற்பத்தொன்று! முப்பத்தைந்து போதும். மேலே வந்த ஆறு, ஆண்டவர் போட்ட கொசுறு. ஜூனில் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் தற்காலிகம் இல்லை.

இத்தனை வருஷம் என் ஜெபம் எப்படிப்பட்டது என்று இப்போது புரிகிறது. குறையைக் கடவுளிடமிருந்தும் மறைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அவர் அதை மைக் வைத்துத் திறந்தார். திறந்த அரை நிமிஷத்தில் பதில் கொடுத்தார்.

போன வாரம் சவரிமுத்து உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த அப்ளிகேஷன் எங்க சார் கிடைக்கும்?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். பத்தாவதுல இங்கிலீஷ் போச்சு. வூட்லகூடத் தெரியாது."

அசந்துபோனேன். சாட்சியில் சொல்லலாமா என்று கேட்டேன். பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "பேரோட சொல்லுங்க சார்" என்றார்.

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் பெயரோடு, விவரத்தோடு கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். பதில் உங்கள் பக்கத்து வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கே தொடங்குவோம். சவரிமுத்து, பத்தாம் வகுப்பு, ஆங்கிலம், முப்பத்தைந்து மார்க். ஆண்டவரை மன்றாடுவோம். எல்லோரும் கொஞ்சம் சத்தமாக.